46 ரிவிட் உட்கார்ந்தாச்சு

நேற்று ராத்திரி ஒன்பதரை மணிக்கு, நான் பழுது பார்க்கும் பழைய வண்டியில் 46-வது ரிவிட்டை (தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் உலோக ஆணி) அடித்து முடித்தேன். அடித்து விரிக்கும் முனையான வாலில் கீறல் இல்லை, தகடுகளுக்கு நடுவே ஒரு நூல் இடைவெளி இல்லை. மூன்று வாரமாக அடிப்பதும் துளை போட்டுப் பிடுங்குவதுமாகவே போனது. இப்போது அந்த வரிசையை விரலால் தடவிப் பார்க்கிறேன், மனசு நிறைகிறது.

வண்டி, ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட் ஷெட்டில் கிடந்த 88 இன்ச் (முன்பின் சக்கர இடைவெளி) லேண்ட் ரோவர் ஜீப், சீரீஸ் டூ ஏ மாடல். அலுமினிய பாடிதானே, கெடாது என்பவர்கள் இதன் பின்தொட்டி அடியைப் பார்க்க வேண்டும். இரும்பும் அலுமினியமும் தொடும் இடத்தில் ஈரம் நின்றால் அரிக்கப்படுவது அலுமினியம்தான். மலைப்பனி வருஷக்கணக்காக இறங்கி, தகடு வெள்ளைப் பொடியாக உதிர்ந்திருந்தது. அந்தப் பகுதியை வெட்டிவிட்டுப் புதுத் தகடு ஒட்டுப் போடுகிறேன். கைக்கருவியால் இழுத்துப் பொருத்தும் பாப் ரிவிட் என்றால் ஒரு மணி நேர வேலை. ஆனால் நடுவில் ஓட்டையோடு நிற்கும் அந்தத் தலை பழைய வண்டியில் கண்ணை உறுத்தும். அதனால் உருண்டைத் தலை கெட்டி ரிவிட், 3.2 மி.மீ., சுத்தியலால்தான்.

என்னைப் படுத்தியெடுத்தது நீளம். கடையில் கிடைத்தது 12 மி.மீ. அப்படியே போட்டு அடித்தால் வால் ஒரு பக்கமாகச் சாய்ந்து மடங்குகிறது. எரிச்சலில் குட்டையாக வெட்டினேன். வால் விரியவே இல்லை, பிடிப்பும் இல்லை. கணக்கு இதுதான்: தகட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருப்பது ரிவிட் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு. எனக்கு 4.8 மி.மீ. இரண்டு தகடும் சேர்ந்து 2.8, ஆக மொத்தம் 7.6. அடித்து முடித்த வாலும் ஏறத்தாழ 4.8 அகலம், 1.6 உயரம் வர வேண்டும். வெர்னியர் அளவுகோல் வைத்து ஒவ்வொன்றையும் அளந்தேன்.

ஒவ்வொரு ரிவிட்டையும் கண்ணளவில் வெட்டினால் ஒன்றுபோல் வராது. ஒரு 8 மி.மீ. இரும்புப் பட்டையை 7.6-க்கு அரத்தால் இறக்கி, 3.3 மி.மீ. துளை போட்டேன். ரிவிட்டை அதில் நுழைத்து, மறுபக்கம் நீட்டுவதைக் கட்டிங் பிளேயரால் வெட்டி, பட்டையோடு சமமாக அரம் போட்டால் முடிந்தது. இந்தப் பட்டையை முதல் நாளே செய்திருந்தால் இரண்டு வாரம் மிச்சம்.

நீளம் சரியான பிறகும் வால் ஓரத்தில் வெடிப்பு விழுந்தது. பயந்து பயந்து இருபது முப்பது தட்டு தட்டியிருக்கிறேன். ஒவ்வொரு தட்டுக்கும் அலுமினியம் இறுகிக்கொண்டே போகிறது. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வேலை செய்யும் அண்ணன் ஒருவரிடம் வெடித்த ரிவிட்டைக் காட்டினேன். "தம்பி, வெள்ளியும் இப்படித்தான், தட்டத் தட்ட முறுக்கிக்கும். அனல்ல காட்டி எளக்கிக்கிட்டுத்தான் மறுபடியும் தொடுவோம்" என்றார்.

அலுமினியத்தில் ஒரு சிக்கல்: சிவக்காது. நிறம் மாறும் என்று பார்த்துக்கொண்டே இருந்தால் 660 டிகிரியில் உருகிவிடும். எனக்குப் பத்துப் பன்னிரண்டு ரிவிட் அப்படித்தான் உருகிக் கட்டியானது. ரிவிட்டில் துணி சோப்பைத் தேய்த்து நெருப்பில் காட்ட வேண்டும். சோப்பு கருத்த உடனே நெருப்பை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். ஆறியதும் ரிவிட் கைக்கே மெத்தென்று தெரிகிறது. பிறகு நான்கைந்து அடி, நேராக, அழுத்தமாக. அக்கா மகன் வெளியே நின்று, குழிவெட்டிய இரண்டு கிலோ இரும்புக் கட்டையை ரிவிட் தலைமேல் அழுத்திப் பிடிக்க, நான் தொட்டிக்குள் உட்கார்ந்து அடிக்கிறேன். "பிடிச்சாச்சு மாமா" என்று அவன் சொல்லாமல் சுத்தியலைத் தூக்குவதில்லை. கட்டை நழுவியபோது ஒரு தலை நசுங்கிய அனுபவம் உண்டு.

அடிப்பதற்கு முன்னால் தகடுகள் சேர்ந்திருக்க வேண்டும். ஒன்று விட்டு ஒரு துளையில் 3 மி.மீ. போல்ட் நட் போட்டு இறுக்கிவிடுகிறேன். துளை ஓரத்துப் பிசிறை 8 மி.மீ. பிட்டைக் கையாலேயே திருப்பி எடுக்கிறேன். பிசிறு இருந்தால் தகடு ஒட்டாது.

ரிவிட் வாங்குவோர் கவனிக்கவும்: ஒரு கடையில் கொடுத்த பொட்டலத்தில் 3-ம் 3.2-ம் கலந்திருந்தது. 3.3 துளையில் 3 லொடலொடவென்று ஆடும். கடையிலேயே அளந்து வாங்குங்கள்.

வேலைக்கு நடுவே ஒன்று தோன்றிக்கொண்டே இருந்தது. ஏற்காடு இருக்கும் இந்தச் சேர்வராயன் மலையில் வெட்டிய பாக்சைட் தாதுதான் ஒரு காலத்தில் மேட்டூர் மால்கோ ஆலைக்குப் போய் அலுமினியமானது. வெளிநாட்டு அலுமினியத்தில் செய்த வண்டி, அலுமினியம் விளைந்த மலையில் உழைத்திருக்கிறது.

அடுத்து பின்தொட்டி மேல்விளிம்பின் இரும்புப் பட்டிகளுக்குத் துத்தநாகம் முக்க வேண்டும். அலுமினியத்தோடு சேரும் இடத்தில் அரிப்பைத் தடுக்கும் ஜிங்க் குரோமேட் பிரைமர் இரண்டு கோட் அடித்த பிறகுதான் அவற்றை ஏற்றுவேன். சேஸிஸ் பின் குறுக்குச் சட்டத்திலும் சுத்தியலால் தட்டும்போது ஒரு இடம் சத்தம் மாறுகிறது; அதைத் திறந்து பார்க்கணும்.

அதற்குள் மிச்சம் 18 ரிவிட். அதில் ஒன்பது, சக்கர வளைவு மூலையில், கட்டையே நுழையாத இடம். கட்டையை எல் வடிவத்தில் வெட்டி, நுனியில் மட்டும் குழி போட்டு ஞாயிற்றுக்கிழமை முயற்சி செய்கிறேன்.