பார்க்கில் மாறி சானடோரியம்

ஏப்ரல் 7, 2025, திங்கள்

தம்பிக்கு டி.பி. தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரியில் பெட் கிடைத்துவிட்டது. ஆண்கள் வார்டு, ஜன்னல் ஓரம். இன்றைக்கு இதற்கு மேல் எழுத முடியவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

கம்பெனியில் சீக்கிரம் கிளம்ப அனுமதி வாங்கியாயிற்று. அம்பத்தூரில் ஏறி, சென்ட்ரலை ஒட்டிய மூர்மார்க்கெட் ஸ்டேஷனில் இறங்கி, சுரங்கப்பாதையில் நடந்து, எதிரே பார்க் ஸ்டேஷனில் தாம்பரம் வண்டி பிடிக்க வேண்டும். அரக்கோணம் பக்கத்து வண்டிகள் சென்ட்ரலோடு முடிந்துவிடும், தாம்பரம் வண்டிகள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஓடும். கல்லூரி நாட்களில் இதை ஓடியே கடந்திருக்கிறேன். நேற்று தம்பியைப் பிடித்துக்கொண்டு போனபோதுதான் படிகள் எத்தனை செங்குத்து என்று தெரிந்தது. பாதியில் உட்கார்ந்துவிட்டான். கூட்டம் எங்கள் இரண்டு பக்கமும் பிரிந்து போய்க்கொண்டே இருந்தது. ஒரு அம்மா மட்டும் குனிந்து தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்துவிட்டு, திருப்பி வாங்கக்கூட நிற்காமல் போய்விட்டார்.

ஆட்டோவில் போகலாம் என்று எவ்வளவோ சொன்னேன். "ரயில்ல காத்து வரும்க்கா" என்றான்.

அந்த பாட்டில் இன்னும் என் பையில் இருக்கிறது.

ஏப்ரல் 9, புதன்

41 கிலோ. தீபாவளிக்கு எடுத்த சட்டை, தோளில் நிற்காமல் நழுவுகிறது.

ஏப்ரல் 11, வெள்ளி

திருவள்ளூர் பக்கத்து வண்டிகளில் சில மூர்மார்க்கெட் போகாமல் வண்ணாரப்பேட்டை, ராயபுரம் வழியாக நேராக பீச் ஸ்டேஷனுக்குப் போகின்றன. எனக்குத் தெரியாமல் இல்லை, இதுவரை தேவைப்படவில்லை. இன்று அதில் போனேன். பீச்சில் இறங்கினால் அந்தச் சுரங்கப்பாதை வேண்டாம். அங்கிருந்தே கிளம்புகிற தாம்பரம் வண்டியில் உட்கார இடமும் கிடைத்தது. அவனைத் திரும்ப வீட்டுக்குக் கூட்டி வரும்போது இப்படித்தான் கூட்டி வர வேண்டும். சானடோரியத்தில் ஏறினால் பீச் வரை உட்கார்ந்தே வரலாம். மத்தியான வண்டியாகப் பார்க்க வேண்டும்.

ராயபுரத்தைத் தாண்டும்போது அந்தப் பழைய ஸ்டேஷன் கட்டடத்தை எட்டிப் பார்த்தேன். தென்னிந்தியாவில் முதல் ரயில் 1856ல் அங்கிருந்துதான் கிளம்பியது, வாலாஜா ரோடு வரைக்கும். இப்போது எங்கள் வண்டி அங்கே நின்றபோது ஏறியவர்கள் கொஞ்சம் பேர்தான்.

பீச் வண்டிகள் குறைவு, அதுதான் சிக்கல். ஒன்றை விட்டால் அடுத்தது எப்போது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஏப்ரல் 13, ஞாயிறு

ஞாயிறு அட்டவணை. எல்லாமே தள்ளித் தள்ளி வருகிறது.

சீசன் டிக்கெட் எடுக்கலாம் என்று திருநின்றவூர் கவுண்டரில் நின்றேன். உள்ளே இருந்தவர் தலை நிமிராமல், "ஒரு மாசமா, மூணு மாசமா?" என்று கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. பின்னால் நின்றவர், "சொல்லும்மா, வண்டி வந்துடும்" என்றார். ஒரு மாசம் என்றேன்.

வீட்டில் அவர் கணக்குப் போட்டுச் சொல்கிறார், மூன்று மாதத்துக்கு எடுத்தால் கொஞ்சம் மிச்சமாம். மிச்சம் பிடிக்கிற விஷயமா இது? அவன் அங்கே மூன்று மாதம் இருப்பான் என்று நானே என் கையால் பணம் கட்டி எழுதிக் கொடுக்க வேண்டுமா? சத்தம் போட்டேன். பாப்பா எழுந்து வந்து கதவோரம் நின்றாள். அவளை இந்தப் பத்து நாளாக அம்மா பக்கம்தான் படுக்க வைக்கிறோம். அவளுக்கும் அம்மாவுக்கும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். மாமா மடியில் உட்கார்ந்துதான் போன மாதம் முழுக்கச் சாப்பிட்டாள். இருமல் என்று முதலில் காட்டிய இடத்தில் வெறும் சளி மருந்து கொடுத்துக் கொடுத்தே அனுப்பினார்கள். அத்தனை நாளும் மடியில்தான்.

மாத்திரைகள் மொத்தம் ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நாலு மருந்து, அப்புறம் நாலு மாதம் மூன்று மருந்து. அதில் எத்தனை நாள் அங்கே, எத்தனை நாள் வீட்டில் என்று யாரும் சொல்லவில்லை. டாக்டரம்மா நல்ல மாதிரி. கேட்டால், "முதல்ல எடை ஏறட்டும்" என்கிறார்.

ஏப்ரல் 15, செவ்வாய்

எடை ஏறவில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

வண்டியில் போனில் படித்துக்கொண்டே போனேன். அந்த ஸ்டேஷனுக்குப் பெயர் தந்த சானடோரியத்தை 1928ல் ஆரம்பித்தவர் டேவிட் சவுரிமுத்து என்ற டாக்டர். இங்கிலாந்தில் இதே நோய்க்குத் திறந்த காற்று வைத்தியம் செய்துவிட்டு வந்தவர். ஆரம்பத்தில் 12 படுக்கைகள்தானாம். இதற்கு மாத்திரையே இல்லாத காலம். காற்று, வெயில், ஓய்வு, சாப்பாடு, அவ்வளவுதான் அவர்களிடம் இருந்தது. 1931ல் பீச்சிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் விட்டார்கள். இந்தப் பாதையில் எத்தனை அக்காக்கள் தூக்குச்சட்டியோடு போயிருப்பார்கள். அவர்களுக்கு யாராலும் "ஆறு மாதம்" என்று ஒரு கணக்கே சொல்லியிருக்க முடியாது. எனக்குச் சொல்கிறார்கள். அதைத்தான் இன்று முழுக்கப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று. இதே பாதையில் எழும்பூருக்கு அடுத்த ஸ்டேஷன் சேத்துப்பட்டு. அங்கே 1956ல் ஒரு ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். ஒரு பகுதி நோயாளிகளை சானடோரியத்தில் வைத்தும், இன்னொரு பகுதியை வீட்டிலேயே விட்டும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். வீட்டில் இருந்தவர்கள் ஏழைகள், நெருக்கடியான வீடுகள், சாப்பாடும் குறைவு. அப்படியும் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவு குணம். வீட்டில் கூட இருந்தவர்களுக்கும் அதனால் கூடுதலாக நோய் வரவில்லை. 1959ல் இது வெளிவந்த பிறகுதான் உலகம் முழுக்க இந்த நோய்க்கு வீட்டிலேயே வைத்து மருந்து கொடுக்கலாம் என்று ஆனதாம்.

கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கூட இருந்தவர்களுக்கு. பாப்பாவுக்கு.

வண்டி சேத்துப்பட்டில் நின்றபோது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பிளாட்பாரத்தில் காலேஜ் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

ஏப்ரல் 19, சனி

இன்றிலிருந்து பீச் – செங்கல்பட்டு ஏசி மின்சார வண்டி. குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய். சாதா வண்டியில் 5 ரூபாய். தேவையானவர்களுக்கு நல்லதுதான், இந்த வெயிலில் கர்ப்பிணிகளும் வயதானவர்களும் படுகிற பாட்டைப் பெண்கள் பெட்டியில் தினமும் பார்க்கிறேன். ஆனால் கதவு தானாக மூடிக்கொள்ளும், ஜன்னல் திறக்காது என்று கேட்டதும் என் மனசு வேறெங்கோ போனது. இப்போதெல்லாம் ஒரு இடத்துக்குள் நுழைந்தால் முதலில் ஜன்னலைத்தான் எண்ணுகிறேன். எங்கள் வீட்டுப் பின்னறையில் ஒன்றே ஒன்று. அதையும் பீரோவை வைத்துப் பாதி மறைத்திருக்கிறோம்.

ஏப்ரல் 20, ஞாயிறு

பீரோவை நகர்த்தினோம்.

ஏப்ரல் 22, செவ்வாய்

பெண்கள் பெட்டியில் மாம்பலத்தில் ஏறும் பூக்காரக்கா, எதிரில் உட்கார்ந்தபடி, "தினம் சானடோரியத்துல இறங்குற, மெப்ஸ்ல வேலையாம்மா?" என்று கேட்டார். அந்த ஸ்டேஷனில் இறங்குகிறவர்களில் பாதிப் பேர் மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத்துக் கம்பெனிகளுக்குப் போகிறவர்கள்தான். "இல்லக்கா, ஆஸ்பத்திரி. தம்பி இருக்கான்" என்றேன். சத்தமாகவே சொன்னேன் போலிருக்கிறது. பக்கத்தில் இருந்த பெண் துப்பட்டாவை மூக்கில் வைத்துக்கொண்டு, கிண்டியில் இறங்குகிறவள் போல எழுந்து கதவருகே போனாள். கிண்டியில் இறங்கவில்லை. குரோம்பேட்டை வரை அங்கேயே நின்றாள்.

அவள்மேல் கோபம் இல்லை என்று எழுத நினைத்தேன். இருக்கிறது. நிறையவே இருக்கிறது. எனக்கு நோய் இல்லை, பரிசோதித்தாயிற்று. அவனுக்கும் மாத்திரை தொடங்கியதால் பரவுவது குறைந்துகொண்டு வருகிறது. இதை ஒவ்வொரு பெட்டியிலும் ஏறி நின்று சொல்ல வேண்டுமா?

பூக்காரக்கா ஒன்றும் கேட்கவில்லை. இறங்கும்போது கூடையிலிருந்து ரெண்டு முழம் மல்லியைக் கிள்ளி, "அம்மாவுக்குக் கொடு" என்றார்.

ஏப்ரல் 23, புதன்

ராத்திரி இருமலில் மறுபடி ரத்தம். கொஞ்சம்தான் என்கிறார்கள். கொஞ்சம் என்றால் எவ்வளவு?

ஏப்ரல் 24, வியாழன்

இன்று வண்டி எதுவும் எனக்காக ஓடவில்லை. சைதாப்பேட்டை தாண்டி அடையாற்றுப் பாலத்தின் மேல் நின்றுவிட்டது. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. மின்விசிறி நின்றது, பாட்டு கேட்டுக்கொண்டிருந்தவர்கள் காதிலிருந்து எடுத்தார்கள். கீழே ஆறு, கறுப்பாக, அசையாமல். எதிர்த்திசையில் ஒரு வண்டி முழு வேகத்தில் போனது. அதில் இருந்த ஒவ்வொருவர் மேலும் எரிச்சல் வந்தது. பார்வையாளர் நேரம் முடிவதற்குள் போகாவிட்டால் நாளை வரை அவன் முகம் பார்க்க முடியாது. நேற்று ரத்தம். போன் அடித்தால் எடுக்கவில்லை. தூங்குகிறானா, சார்ஜ் இல்லையா, வேறு ஏதாவதா. ஸ்டேஷன் பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன். கிண்டி, பரங்கிமலை, பழவந்தாங்கல், மீனம்பாக்கம், திரிசூலம், பல்லாவரம், குரோம்பேட்டை, சானடோரியம். மறுபடி கிண்டியிலிருந்து. சின்ன வயசில் நாங்கள் ரெண்டு பேரும் போட்டி போட்டு இப்படிச் சொல்வோம். அவன் எப்போதும் பழவந்தாங்கலையும் பரங்கிமலையையும் மாற்றிவிடுவான்.

வண்டி கிளம்பியது. வார்டுக்கு ஓடினேன். உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "ஏன்க்கா இப்படி மூச்சு வாங்குது?" என்று என்னைக் கேட்கிறான்.

ஏப்ரல் 25, வெள்ளி

ரத்தம் இல்லை.

ஏப்ரல் 28, திங்கள்

42.3!

அம்மாவிடம் போனில் கத்திச் சொன்னேன், திரிசூலத்தில். ஏர்போர்ட்டிலிருந்து பெட்டியும் கையுமாக ஏறியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

முட்டை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறானாம். பக்கத்து பெட் அண்ணன் செய்யாற்றுக்காரர், அவருடைய முட்டையையும் இவனுக்கே தள்ளிவிடுகிறாராம். "நீ சின்னப் பையன், சாப்புடு" என்று.

ஏப்ரல் 30, புதன்

பாப்பா எக்ஸ்ரே சுத்தம். அம்மாவுடையதும் சுத்தம். பாப்பாவுக்கு முன்னெச்சரிக்கையாக மாத்திரை உண்டு, அதைக் கொடுத்துவிடலாம்.

ஆவடியோடு நின்றுவிடுகிற வண்டியில் வந்து, அடுத்ததற்காக வெகு நேரம் நின்றேன். வழக்கமாக அந்தக் காத்திருப்பு என்னைக் கொல்லும். இன்று ஒரு டீ குடித்தேன், இன்னொரு டீயும் குடித்தேன்.

மே 2, வெள்ளி

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிடுவது பற்றிப் பேச்சு வருகிறது. மீதி மாத்திரையை எங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே வாங்கிக்கொள்ளலாம். கல்ச்சர், அதாவது சளியில் இருக்கிற கிருமியை வளர்த்துப் பார்க்கிற சோதனை, அதன் முடிவு மட்டும் வரவில்லை. ஆறு வாரம் வரை ஆகலாமாம். மருந்து கேட்கிறதா, கிருமி எதிர்த்து நிற்கிறதா என்பது அதில்தான் முழுசாகத் தெரியும். முதலில் எடுத்த சோதனையில் ஒன்றும் இல்லை என்றுதான் வந்தது. அப்படியும் கல்ச்சர் என்ற சொல்லைக் கேட்டாலே வயிற்றைப் பிசைகிறது.

ஒருவேளை எதிர்க்கிற கிருமி என்றால் இந்த ஆறு மாதக் கணக்கெல்லாம் போய்விடும். யோசிக்கக்கூடாது. யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. பார்க் பிளாட்பாரத்தில் நிழல் இருக்கிற இடத்தில் எல்லோரும் ஒட்டிக்கொண்டு நிற்கிறோம், மீதி இடமெல்லாம் காலி.

அவன் சொல்கிறான், ராத்திரி வார்டு அடங்கினதும் வண்டிச் சத்தம் கேட்குமாம். விரைவு வண்டி எது, நம் மின்சார வண்டி எது என்று சத்தத்திலேயே கண்டுபிடிக்கிறானாம். கடைசி வண்டி போனால் தூங்கிவிடுவானாம். முதல் வண்டிக்கு முழிப்பு வந்துவிடுமாம். "உன்னோட வண்டி எதுன்னு தெரியும்க்கா" என்றான். எப்படி என்று கேட்டேன், சொல்லவில்லை.

மே 6, செவ்வாய்

43.6. கம்பெனியில் விடுப்பு இனி சம்பளப் பிடித்தம் என்றார்கள். சரி.

மே 8, வியாழன்

சீசன் திங்களோடு முடிகிறது. புதுப்பிக்க வேண்டுமா என்று டாக்டரம்மாவிடமே கேட்டுவிட்டேன். ஒரு நிமிஷம் புரியாமல் பார்த்தார். அப்புறம் புரிந்து, "ஞாயிறு வரைக்கும் பொறுங்க" என்றார்.

மே 9, வெள்ளி

கல்ச்சர் முடிவு வந்திருக்கிறதாம். நாளை காலை ரவுண்ட்ஸில் சொல்வார்கள். வீட்டு ஆள் யாராவது இருந்தால் நல்லது என்று நர்ஸம்மா போன் செய்தார். நல்லதுக்கா கெட்டதுக்கா என்று கேட்டேன், "வாங்கம்மா, பேசிக்கலாம்" என்றார். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வார் என்கிறார் இவர்.

அலாரம் வைத்தாயிற்று. விடியற்காலையில் பீச் வண்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் மூர்மார்க்கெட் போய் பார்க்கில் மாறிக்கொள்ள வேண்டியதுதான். அவனுடைய மாற்றுச் சட்டை ரெண்டு, செருப்பு, செய்யாற்று அண்ணனுக்கு முட்டை.