"ஆண்டு வாரியா கேளுங்கடா"

இங்கிலீஷ் சார் காலமாகிவிட்டார் என்று போன மாதம் நம் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. ஆளாளுக்கு அவரிடம் வாங்கிய அடியையும் மனப்பாடச் செய்யுளையும் எழுதினார்கள். எனக்கு ஞாபகம் வந்தது சனிக்கிழமை மதியங்கள்தான். அரைநாள் மணி அடித்ததும் மற்றவர்கள் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டுக்கு ஓட, நாங்கள் சிலர் மட்டும் பிளஸ் டூ வகுப்பிலேயே உட்கார்ந்திருப்போம். பெங்களூரில் வாங்கிய, பீட்டில்ஸ் என்ற இங்கிலாந்து நால்வர் இசைக்குழுவின் கேசட்டுகளையும் டேப் ரெக்கார்டரையும் மஞ்சள் பையில் வைத்துச் சார் எடுத்து வருவார்.

"நல்ல பாட்டா பொறுக்கிக் கேக்காதீங்க, ஆண்டு வாரியா கேளுங்கடா" என்பார். கரும்பலகை ஓரத்தில் 1963 என்று எழுதிவிட்டுத்தான் முதல் ஆல்பத்தைப் போடுவார். அதிலுள்ள 14 பாட்டில் 10 பாட்டு, அந்த வருடம் பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில் பதிவானவை. துள்ளலுக்குக் குறைவே இல்லை. வரிகளில் பெரும்பாலும் நான், நீ, கெஞ்சல், காதல். சார் அதை மட்டமாகப் பேசியதே கிடையாது. "இருபது வயசுல வேற என்னடா எழுதுவான்?" என்பார்.

1965 டிசம்பரில் வந்த 'ரப்பர் சோல்' ஆல்பத்தில் நால்வரில் ஒருவரான ஜார்ஜ் ஹாரிசன் சித்தார் வாசிக்கிறார். 'நோவேர் மேன்' பாட்டில் காதலே இல்லை. அப்புறம் 1966 ஆகஸ்டில் 'ரிவால்வர்'. அதிலுள்ள 'எலினார் ரிக்பி' பாட்டைப் போட்ட சனிக்கிழமை இன்னும் அப்படியே இருக்கிறது. கல்யாணம் முடிந்த சர்ச்சில், அட்சதை போலத் தூவிய அரிசியை ஒருத்தி பொறுக்குகிறாள். அவள் சாகிறாள், அடக்கத்துக்கு யாரும் வரவில்லை. பாதிரியார் கையிலிருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டு நடக்கிறார். அவ்வளவுதான் கதை.

"கிட்டார் எங்க சார்?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

சார் முகம் மலர்ந்துவிட்டது. இதில் அந்த நால்வரில் ஒருவர்கூட எந்த வாத்தியமும் வாசிக்கவில்லை. நாலு வயலின், ரெண்டு வயோலா, ரெண்டு செல்லோ மட்டும் என்றார். "தன்னைப் பத்தியே பாடினவன் பக்கத்து வீட்டுக் கிழவியைப் பாக்க ஆரம்பிச்சுட்டான். கருவியைக் கீழ வைக்கவும் கத்துக்கிட்டான்." மூன்றரை வருடத்தில் இவ்வளவு தூரம் நடந்திருக்கிறார்கள் என்பது, அன்றைக்கு வரிசையாகக் கேட்டதால்தான் எனக்குப் புரிந்தது.

நால்வரில் ஹாரிசன் மேல் சாருக்குத் தனிப் பிரியம். முதல் ஆல்பத்தில் அவர் எழுதிய பாட்டு ஒன்றுகூட இல்லை. 'ரிவால்வரில்' மூன்று, ஆல்பம் தொடங்குவதே அவர் பாட்டில்தான். "இந்தப் பேசாத பையனைக் கவனிச்சுக்கிட்டே இருங்க" என்று எங்கள் வரிசையைப் பார்த்துச் சொல்வார். அந்த வரிசையில் வாயே திறக்காதவன் நான்தான்.

அதற்குள் பொதுத்தேர்வு வந்துவிட்டது. கிண்டி, அப்புறம் மெல்பர்ன். 1969-இல் வந்த 'அபே ரோடு' ஆல்பத்தை இங்கே வாடகை அறையில் தனியாகத்தான் கேட்டேன். அதில் ஹாரிசன் எழுதியவை இரண்டே பாட்டு. 'ஹியர் கம்ஸ் த சன்' அதில் ஒன்று. நீண்ட குளிர்காலம் போய் வெயில் வருகிறது என்று ஒருவருக்கு ஆறுதல் சொல்கிறது, யாரிடமும் எதையும் கேட்கவில்லை. எனக்கு அந்தக் குழுவின் உச்சமே அதுதான். அன்றிரவே சாருக்கு ஏரோகிராம் எழுதினேன். "பதினொண்ணாம் வகுப்புக்கு இப்போ 1965 ஓடுது. நீ இருந்தா நல்லா இருக்கும்" என்று பதில் வந்தது. இங்கே எனக்கு எல்லாம் கிடைத்தது. நிறுத்தி நிறுத்திக் கேட்க வைக்கும் ஆள் மட்டும் கிடைக்கவில்லை.

நமக்குப் பின் படித்தவர்களில் யாராவது சாரோடு 1969 வரைக்கும் கேட்டிருப்பீர்கள். அந்தப் பாட்டு முடிந்ததும் சார் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.