வேடந்தாங்கல் போவதற்கு முன் தண்ணீரைப் பற்றி விசாரியுங்கள்

'வேடந்தாங்கல் போனோம், பறவையே இல்லை' என்று சொல்பவர்களிடம், எந்த மாதம் போனீர்கள், அந்த வருஷம் மழை எப்படி என்று கேட்டாலே பதில் கிடைத்துவிடும். தாங்கல் என்றால் சிறிய ஏரி. இந்தப் பறவைகள் சரணாலயத்தின் ஏரி சுமார் 30 ஹெக்டேர்தான். வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் ஏரி நிரம்பாது, ஏரி நிரம்பாவிட்டால் பறவை கூடு கட்டாது.

காரணம் மரங்கள். ஏரிக்குள்ளேயே நீர்க்கடம்பும் கருவேலமும் இடுப்பளவு தண்ணீரில் நிற்கின்றன. நீர்க்கடம்பைச் செங்கடம்பு என்றும் சொல்வார்கள்; மாதக்கணக்கில் வேர் மூழ்கிக் கிடந்தாலும் அழுகாத மரம். சுற்றிலும் தண்ணீர் இருக்கும்வரை காட்டுப்பூனையும் கீரியும் கூட்டை எளிதில் நெருங்க முடியாது. தண்ணீர் வற்றி மரத்தடி தரையானால் அந்தக் காவல் போய்விடும். அதனால் கிளம்புவதற்கு முன் ஏரியில் தண்ணீர் எவ்வளவு என்று ஊர்க்காரர் யாரிடமாவது விசாரித்துவிடுங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை சீசன். ஜனவரி, பிப்ரவரியில் போனால் குஞ்சுகளையும் பார்க்கலாம்.

சென்னையிலிருந்து ஜிஎஸ்டி சாலையில் (திருச்சி நெடுஞ்சாலை) செங்கல்பட்டைத் தாண்டி, படாளம் கூட்டு ரோட்டில் வலதுபுறம் திரும்ப வேண்டும். மொத்தம் 80 கி.மீ. அளவில் வரும். காலை 6 மணிக்கே கரையில் நிற்பதுபோல் கிளம்புங்கள். பத்து மணிக்கு மேல் போனால் வெயிலில் இலையும் பறவையும் ஒன்றாய் மங்கித் தெரியும். பொங்கல் விடுமுறையைத் தவிர்ப்பது நல்லது, கூட்டம் தாங்காது.

பைனாகுலர் 8x42, அதாவது எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டுவது போதும். பத்து மடங்கு (10x) வாங்கினால் கை நடுக்கத்தில் படம் ஆடும், கூட்டுக்குள் குஞ்சின் வாயைப் பார்ப்பது சிரமம். கேமரா என்றால் 400 மி.மீ. லென்ஸாவது வேண்டும். கரும்பச்சை இலைக்கு முன்னால் வெள்ளைப் பறவை நிற்கும்போது கேமரா ஏமாந்து, இறகெல்லாம் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்துவிடும். எக்ஸ்போஷரை, அதாவது கேமரா எடுத்துக்கொள்ளும் வெளிச்சத்தை, ஒரு ஸ்டாப்புக்குச் சற்றுக் குறைவாகக் குறைத்து வையுங்கள். சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்படி கரையில் இடம் பிடியுங்கள்.

ஏரி முழுவதையும் ஒரே பார்வையில் மேய்ந்தால் ஒன்றும் பிடிபடாது. ஒரே ஒரு மரத்தை எடுத்துக்கொண்டு அரை மணி நேரம் பாருங்கள். உச்சியில் கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும், நடுவில் நீர்க்காகம், அரிவாள்மூக்கன், உள்கிளை நிழலில் பகலெல்லாம் தூங்கும் வக்கா என்ற இராக்கொக்கு. தாழ்ந்த கிளையில் சிறகை விரித்து நிற்பது பாம்புத்தாரா. அதன் இறகு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் சுலபமாக மூழ்கி மீன் பிடிக்கிறது, மேலே வந்ததும் காயவைக்கிறது. உச்சி வெயிலில் மஞ்சள்மூக்கு நாரை கூட்டின்மேல் சிறகைக் குடையாக விரித்து நிற்கும். அசையாமல் நிற்கிறதே என்று கடந்து போகாதீர்கள், அதன் நிழலில் குஞ்சுகள் இருக்கும்.

நத்தைகுத்தி நாரையின் அலகு இரண்டும் நடுவில் ஒட்டாது, ஓர் இடைவெளி தெரியும். அதில் வைத்து நத்தையை உடைக்கிறது என்று பலரும் சொல்கிறார்கள். அப்படியில்லை. கீழலகின் கூரான நுனியை நத்தையின் மூடிக்கடியில் செலுத்தி, தசையை அறுத்துச் சதையை இழுத்துவிடும். ஓடு பெரும்பாலும் உடையாமல் கிடக்கும். குஞ்சுக்கு அந்த இடைவெளியே இருக்காது, வளர வளரத்தான் வரும்.

இத்தனை பறவையும் இங்கே மிஞ்சியதற்கு ஊர்மக்களே காரணம். பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்று அறிந்தவர்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட ஆரம்பித்தபோது போய் முறையிட்டார்கள். 1798இல் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் கவுல், அதாவது உறுதிப் பத்திரம், எழுதிக் கொடுத்தார். 1858இல் அதைப் புதுப்பித்து வாங்கினார்கள். 2022இல் வேடந்தாங்கல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. தீபாவளிக்கு வெடிகூட வெடிக்காத ஊரில் நாம் கரையில் நின்று கைதட்டிப் பறவையைக் கிளப்புவது மன்னிக்க முடியாதது. அடைகாக்கும் தாய் எழுந்து பறந்தால் அந்த நிமிஷமே காகம் முட்டைக்கு வந்துவிடும்.

வாத்துகளைப் பார்க்க ஆசை என்றால் அருகிலுள்ள கரிக்கிளி பறவைகள் சரணாலயத்துக்குப் போங்கள். நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் அங்கேதான் வசதியாகத் தெரியும். நடுப்பகலை அங்கே கழித்துவிட்டு நாலரை மணிக்கு வேடந்தாங்கல் கரைக்குத் திரும்பிவிடுங்கள். இரை தேடப் போன கூட்டங்கள் வரிசை வரிசையாய் வந்து இறங்கும் அதே நேரத்தில், பகலெல்லாம் தூங்கிய வக்காக்கள் ஒவ்வொன்றாய்க் கிளம்பும்.