கால்குலேட்டரும் கரும்பலகையும்

ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்தக் கடை. பில் போடும் கம்ப்யூட்டருக்குப் பக்கத்திலேயே, எண்கள் தேய்ந்துபோன பழைய கால்குலேட்டர் ஒன்று. கணக்குப்பிள்ளை எங்கள் மென்பொருளில் பில் போடுவார், பிரிண்ட் எடுப்பார், கடைசித் தொகையைக் கால்குலேட்டரில் இன்னொரு தடவை தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரத்தில் 17 பில். பதினேழுக்கும் கால்குலேட்டர்.

“ஏனுங்க, கம்ப்யூட்டரே கூட்டிக் குடுத்துருதே?” என்றேன்.

“குடுக்குதுங்க தம்பி. ஆனா சில பில்லுல ஒரு ரூவா ஒதைக்குது. எதுல ஒதைக்கும்னு தெரியறதில்லீங்க. அதான் எல்லாத்தையும் ஒருக்கா பாத்துக்கறனுங்க.”

அந்த ஒரு ரூபாய் எனக்குப் புதிதல்ல. மூன்று மாதம் முன்பே டிக்கெட்டாக, அதாவது கடைக்காரர் புகாரைப் பதிவு செய்யும் குறிப்பாக, வந்திருந்தது: “டோட்டல் டேலி ஆகவில்லை.” அவ்வளவுதான், ஒரே வரி. மென்பொருள் சரியாகத்தான் கணக்கிடுகிறது என்று பதில் எழுதி மூடியது நான்தான்.

கணக்கு இதுதான். துணிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி. மத்திய வரி இரண்டரை, மாநில வரி இரண்டரை. 333 ரூபாய் உருப்படிக்கு இரண்டரை சதவீதம் 8.325. எங்கள் கோட் அதை 8.33 ஆக்கி இரண்டால் பெருக்கும், 16.66 வரும். நேராக 5 சதவீதம் போட்டால் 16.65. உருப்படிக்கு உருப்படி இப்படி ஒரு பைசா ஏறிக்கொண்டே போய், 30 உருப்படி உள்ள பில்லில் 30 பைசா. அது 50 பைசா எல்லையைத் தாண்டவைத்தால் ரவுண்ட் ஆஃபில் ஒரு ரூபாய் கூடிவிடும். எங்களுக்கு அது ரவுண்டிங். அவருக்கோ, நம்பி வாங்கிய பொருளை நாள் முழுக்கச் சரிபார்க்கும் வேலை.

அன்று சாயங்காலம் கோவைக்குத் திரும்பும் பஸ்ஸில் டான் பிரிக்ளின்தான் நினைவுக்கு வந்தார். 1978இல் ஹார்வர்டில் நிர்வாகம் படித்துக்கொண்டிருந்தவர். பேராசிரியர் கரும்பலகையில் கட்டம் போட்டுக் கணக்கு எழுதுவார். ஓர் எண் தப்பென்றால், அதைத் தொட்டு வரும் எல்லா எண்களையும் அழித்துத் திரும்ப எழுத வேண்டும். ஒன்றை மாற்றினால் மற்றவை தானாக மாறும் கரும்பலகை இருந்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. நண்பர் பாப் ஃபிராங்ஸ்டன் இரவு இரவாக உட்கார்ந்து கோட் எழுதினார். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் பெரிய கம்ப்யூட்டரில் ராத்திரியில் வாடகை குறைவு. 1979இல் ஆப்பிள் II கம்ப்யூட்டருக்கு வந்த விசிகால்க் அப்படிப் பிறந்தது. இன்றைய எக்செலுக்குப் பாட்டன்.

இந்தக் கதையை ஆபீசில் பலமுறை சொல்லியிருக்கிறேன். பேடண்ட் வாங்காமல் விட்டார்கள், விற்பனையை இன்னொரு கம்பெனியிடம் கொடுத்துவிட்டு அவர்களோடு கோர்ட்டில் நின்றார்கள், 1983இல் லோட்டஸ் கம்பெனியின் போட்டி மென்பொருள் 1-2-3 வந்து சந்தையை அள்ளிக்கொண்டு போனது, கடைசியில் 1985இல் லோட்டஸே இவர்களை வாங்கியது என்றுதான் சொல்வேன். அதெல்லாம் உண்மைதான். ஆனால் பில் போடும் கடையில் ஒரு நாள் உட்கார்ந்த பிறகு எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு.

பிரிக்ளினே சொன்னது அது. விசிகால்க்கை ப்ரோகிராமர்களிடம் காட்டினால், கம்ப்யூட்டர் என்றால் இதைச் செய்யத்தானே செய்யும் என்று போய்விடுவார்களாம். நாள் முழுக்கத் தாளில் கட்டம் போட்டுக் கணக்கெழுதும் ஒருவரிடம் காட்டினால், வாரம் முழுக்க நான் செய்கிற வேலை இது என்று அவருக்குக் கையே நடுங்குமாம். ஒரே திரை, ஒரே கோட். எங்கள் ஆபீசில் முப்பது பேரும் அந்த முதல் கூட்டம். நடுங்குகிற கை எங்கள் யாருடையதும் இல்லை. அதைப் பார்க்க வேண்டுமென்றால் கை இருக்கும் இடத்துக்குத்தான் போயாக வேண்டும்.

ஆப்பிள் II கீபோர்டில் பக்கவாட்டில் நகர இரண்டு அம்புக்குறி மட்டுமே. மேலே கீழே போக விசை கிடையாது. விசிகால்க் எழுதியவர்கள் ஸ்பேஸ் பாரைத் தட்டினால் அதே இரண்டு அம்பும் மேல்கீழாக மாறும்படி செய்தார்கள். கட்டத்துக்குக் கட்டம் ஓடும் விரலை மனசில் வைத்திருந்தவர்களுக்குத்தான் இப்படித் தோன்றும் என்று நினைக்கிறேன்.

பால் கிரகாமும் ராபர்ட் மோரிஸும் 1995இல் தொடங்கிய வயாவெப் கம்பெனி இன்னோர் உதாரணம். ஆன்லைன் கடை கட்டிக்கொள்ளும் மென்பொருள்; 1998இல் யாஹூ வாங்கியது. மென்பொருள் அவர்கள் சர்வரிலேயே ஓடியதால், கஸ்டமர் போனில் இருக்கும்போதே மென்பொருள் பிழையைச் சரிசெய்துவிட முடிந்தது என்று கிரகாம் எழுதியிருக்கிறார். போன் எடுப்பவரும் கோட் எழுதுபவரும் எட்டிக் கூப்பிடும் தூரத்தில் இருந்திருக்கிறார்கள்.

நாங்களும் ஐந்து பேராக இருந்தபோது அப்படித்தான் இருந்தோம். எங்கள் முதலாளியே போன் எடுப்பார். “அண்ணா, ஒரு நிமிஷம் லைன்ல இருங்க” என்று ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு என் பக்கம் திரும்புவார். அந்தக் குரலில் இருக்கும் அவசரம் எனக்கு அப்படியே வந்து சேரும். முப்பது பேரானோம், சப்போர்ட் கீழ்த்தளத்துக்குப் போனது, டிக்கெட் வந்தது. டிக்கெட்டை நான் குறை சொல்லவில்லை. அது இல்லாமல் நானூறு கடைகளைச் சமாளித்திருக்க முடியாது. ஆனால் “டேலி ஆகவில்லை” என்ற வரியில் அந்தத் தேய்ந்த கால்குலேட்டர் இல்லை. நான் கேட்டிருக்க வேண்டும். ஒரு போன் போட்டிருந்தால் போதும்.

மறுநாள் முதலாளியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், “நானும் கடைக்குப் போய் ரெண்டு வருஷமாச்சுப்பா” என்றார். அந்த வாரமே வரியை உருப்படிக்கு உருப்படி அல்லாமல், வரி விகிதத்துக்கு ஒரு தடவை, மொத்தத்தின் மேல் கணக்கிடும்படி மாற்றினோம். மாதம் ஒரு நாள் கோட் எழுதும் ஒவ்வொருவரும் ஒரு கடையில் உட்கார வேண்டும் என்று ஏற்பாடானது. தீபாவளி நெருக்கத்தில் மட்டும் கடைக்காரர்களே வேண்டாமென்பார்கள்.

இரண்டு மாதம் கழித்து அதே ஈரோட்டுக் கடைக்குப் போனேன். கால்குலேட்டர் அங்கேயேதான் இருந்தது. கணக்குப்பிள்ளை டீ வாங்கிக் கொடுத்தார். இப்போது காலையில் போடும் முதல் பில்லை மட்டும் அதில் தட்டிப் பார்க்கிறாராம்.