கொலை என்று முடியும் ஒரு சொல்

மருத்துவ மொழிபெயர்ப்பில் எனக்குச் சொல்லுக்கு இரண்டு ரூபாய். அந்தக் கணக்கில் வயிறு வளர்க்க வேண்டுமென்றால் எந்தச் சொல்லிடமும் அதிக நேரம் நிற்கக் கூடாது. நான் நான்கு நாள் நின்றது ஒரே ஒரு சொல்லிடம்தான்: மெடிசைட்.

மருத்துவ அறநெறிக் கலைச்சொல் பட்டியல் ஒன்றைத் தமிழாக்கும் வேலை. யூதனேசியா என்று வந்தால் கருணைக்கொலை என்று கை தானாக எழுதிவிடும். மெடிசைட் வந்ததும் கை நின்றது. என்னிடம் இருந்த எந்த அகராதியிலும் அதற்குத் தமிழ் இல்லை.

சொல்லைப் பரப்பியவர் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து நோய்க்குறியியல் மருத்துவர் ஜாக் கெவோர்க்கியன். 'டாக்டர் டெத்' என்று பத்திரிகைகள் எழுதியது இவரைத்தான். 1991இல் வந்த அவருடைய புத்தகத்தின் தலைப்பிலேயே மெடிசைட் இருக்கிறது. தீராத நோயில் துன்பப்படுபவர் கேட்டுக்கொண்டதால், மருத்துவத் தொழிலில் இருப்பவர் அவருடைய சாவை நிகழ்த்துவது அல்லது அதற்கு உதவுவது என்பது பொருள். இதைத் தனி மருத்துவத் துறையாகவே வளர்க்க வேண்டும் என்று சொல்லி அதற்கு ஒபிட்டியாட்ரி என்று பெயரும் வைத்தார். மரணத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லோடு, சைக்கியாட்ரியில் வரும் அந்த வாலை ஒட்டியிருக்கிறார். மனநல மருத்துவம், முதியோர் மருத்துவம் என்ற வரிசையில் இதை 'மரண மருத்துவம்' என்று எழுதிப் பார்த்தேன். எனக்கே சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

மெடிசைடை நேராகப் பிரித்தால் 'மருத்துவக்கொலை'. எழுதி அனுப்பினேன். மெய்ப்பு பார்க்கும் பெரியவர் அன்று மாலையே போன் செய்தார்.

"என்னம்மா, ஆஸ்பத்திரியில ஊசி மாத்திப் போட்டுட்டாங்களா?"

அவர் சொன்னது சரி. மருத்துவக்கொலை என்று படித்தால் அலட்சியத்தில் உயிர் போன செய்திதான் நம் மனதில் வரும். ஆங்கிலத்தில் அந்த 'சைட்' கொல்லுதலைக் குறிக்கும் ஒரு லத்தீன் வால். கேட்பவர் காதில் பொருள் கொஞ்சம் மங்கித்தான் விழும். தமிழில் மங்குவதற்கு இடமே இல்லை. பூச்சிக்கொல்லி, தற்கொலை, இனப்படுகொலை எல்லாவற்றிலும் கொல்லுதல் பட்டவர்த்தனமாக நிற்கிறது. கருணைக்கொலையில்கூட முன்னால் கருணை நின்றாலும் காதில் தங்குவது பின்னால் வரும் கொலைதான்.

இதில் ஏற்கனவே அடிபட்டவள் நான். சில வருடங்களுக்கு முன் ஒரு மருத்துவமனைக்காக ஒப்புதல் படிவம் ஒன்றைத் தமிழாக்கினேன். மீள வழியில்லாத நிலையில் இருக்கும் நோயாளிக்கு உயிர்காக்கும் கருவிகளை விலக்குவது பற்றியது. 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதற்கு வழி வகுத்த பிறகு வந்த வேலை. படிவத்தில் 'சிகிச்சையைக் கைவிடுதல்' என்று எழுதியிருந்தேன். இலக்கணப்படி ஒரு குறையும் இல்லை. ஒரு மாதம் கழித்து அங்கிருந்த நர்ஸ் கூப்பிட்டார். ஒரு பெரியவரின் மகன் கையில் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாராம். கடைசியில், "சிஸ்டர், அப்பாவைக் கைவிடுறோம்னு எழுதி நானே கையெழுத்துப் போடணுமா?" என்று கேட்டாராம்.

அந்த ஒரு வரியை மாற்றினேன். 'கருவி வழியான சிகிச்சையை நிறுத்திக்கொள்கிறோம். வலிக்கும் மூச்சுத்திணறலுக்குமான கவனிப்பு தொடரும்.' சொற்கள் கூடிவிட்டன. அதற்குத் தனியாகக் காசு கேட்கவில்லை.

மெடிசைட் விஷயத்தில் சிக்கல் இன்னும் ஒரு படி மேலே. நோயாளி தானே செய்துகொள்வதும் டாக்டர் செய்வதும் அந்த ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. அமெரிக்கச் சட்டம் அப்படி அடக்கவில்லை. கெவோர்க்கியன் தான் உதவியதாகச் சொன்ன சாவுகள் 130ஐத் தொடும். பெரும்பாலும் கடைசிச் செயலை நோயாளியே செய்யும்படி ஏற்பாடு இருந்தது. அந்த வழக்குகளில் நடுவர் குழு மூன்று முறை அவரை விடுவித்தது. 1998இல் தசை செயலிழக்கும் நோயால் அவதிப்பட்ட ஒருவருக்குத் தன் கையாலேயே ஊசி போட்டார். அந்தக் காட்சி அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. 1999இல் இரண்டாம் நிலைக் கொலை என்று தீர்ப்பாகி, எட்டு வருடம் சிறையில் இருந்து 2007இல் வெளியே வந்தார். யார் கை என்பதுதான் வித்தியாசம். அந்த வித்தியாசத்தைத் தன் சொல்லுக்குள் வைக்காதவர் அதிலேயே மாட்டிக்கொண்டார்.

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலக்காரர்கள் இதில் உஷார். 1997இல் நடைமுறைக்கு வந்த அவர்களுடைய சட்டத்தின் பெயர் 'கண்ணியத்தோடு இறத்தல்'. அந்தச் சட்டப்படி நடப்பது தற்கொலையும் அல்ல, கருணைக்கொலையும் அல்ல என்று சட்டத்துக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறார்கள். கனடா 2016இல் 'இறப்பதற்கான மருத்துவ உதவி' என்று பெயர் வைத்தது. இரண்டிலும் 'சைட்' கிடையாது. மெடிசைடைப் புழக்கத்தில் பார்ப்பது இப்போது அரிது.

மெய்ப்புக்காரர் விடவில்லை. "நம்ம ஊர்லயே சொல் இருக்கே, வடக்கிருத்தல்" என்றார். அது ஒருவர் தானே நோன்பிருந்து உயிர் விடுவது, அதில் டாக்டருக்கு என்ன வேலை என்றேன். "அப்போ தலைக்கூத்தல்?" தென்மாவட்டங்களில் முதியவர்களை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிச் சாக விடும் வழக்கம் அது. அங்கே அந்த முதியவரின் சம்மதத்தை யாரும் கேட்பதில்லை. கேட்டுச் செய்வதைக் குறிக்கும் சொல்லுக்குக் கேட்காமல் செய்வதன் பெயரை எப்படி வைப்பது? அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "சரிம்மா, நீயே பார்த்துப் போடு" என்றார்.

அப்புறம் நான் தமிழ் எழுத்தில் 'மெடிசைட்' என்றே போட்டு, கீழே விளக்கம் எழுதினேன். யார் பரப்பியது, நோயாளியின் கை, டாக்டரின் கை இரண்டையும் ஒன்றாக்குவது, இன்றைய சட்டங்கள் இதைத் தவிர்ப்பது. 'மருத்துவக்கொலை' என்று பெயர்க்க வேண்டாம் என்றும் ஒரு வரி சேர்த்தேன். தோற்றுப்போன மாதிரிதான் இருந்தது. கலைச்சொல் பட்டியலில் ஒலிபெயர்ப்பு போடுவது சமையல்காரன் ஓட்டலில் சாப்பாடு வாங்கி வருவது மாதிரி. ஆனாலும் அந்த மகன் பேனாவோடு உட்கார்ந்திருந்தது நினைவில் இருந்ததால் அதை மாற்ற மனம் வரவில்லை.

பட்டியல் அச்சுக்குப் போனது. விளக்கங்களுக்குக் கணக்கு கிடையாது, தலைச்சொல்லுக்கு மட்டும்தான் காசு என்று பில் போடும்போதுதான் சொன்னார்கள். மெடிசைடுக்கு இரண்டு ரூபாய் வந்தது.