ரோபோவுக்கு யார் பிரஷ் மாற்றுவது?

சிம்மக்கல் பக்கம் ஒரு சந்துக்குள் மிக்ஸி, கிரைண்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். இருபத்திரண்டு வருடமாகிறது. இரவு கடையை அடைத்துவிட்டு வந்து ஒரு படம் பார்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் பிடிக்காது. அதிலும் வீட்டுக்கு ஒரு ரோபோ வந்து சேர்கிற கதை என்றால் விடவே மாட்டேன். என் மனைவி அதில் பாசத்தைப் பார்ப்பாள், நான் அதன் முழங்கால் மூட்டைப் பார்ப்பேன். அந்த இடுக்கில் புழுதி போனால் யார் கழற்றுவது? ரோபோ சமைக்கும், துவைக்கும், நம்மை அழவும் வைக்கும். ஆனால் ஒரு படத்திலும் அதற்குக் கார்பன் பிரஷ், அதாவது மோட்டாருக்குள் உரசி உரசித் தேய்கிற கரித்துண்டு, தேய்ந்ததாகக் காட்ட மாட்டார்கள்.

'ரோபாட் அண்ட் ஃபிராங்க்' (2012) எனக்குப் பிடித்த படம்தான். நினைவு தப்பிக்கொண்டிருக்கும் ஒரு பழைய நகைத்திருடர். மகன் துணைக்கென்று ஒரு ரோபோவைக் கொண்டுவந்து விடுகிறான். வேண்டவே வேண்டாம் என்று எரிந்து விழுந்த கிழவர், பூட்டுத் திறக்கிற வித்தை அதற்கும் வரும் என்று தெரிந்ததும் தொழில் கூட்டாளி ஆக்கிக்கொள்கிறார். அந்த ரோபோ உடைக்குள் இருந்தவர் ரேச்சல் மா என்ற நடனக்காரர். மலையாளத்து 'ஆண்ட்ராய்டு குஞ்ஞப்பன் வெர்ஷன் 5.25' (2019) படத்திலும் அப்படித்தான், உள்ளே இருந்தவர் சூரஜ் தேலக்காடு என்ற நடிகர். அங்கே மகன் வேலைக்கு ரஷ்யா போய்விடுகிறான், பையன்னூரில் பிடிவாதக்கார அப்பாவுக்குத் துணையாக இயந்திரம் வருகிறது. 2022இல் அதே கதை 'கூகுள் குட்டப்பா' என்று தமிழுக்கு வந்தது, கே.எஸ். ரவிக்குமார் அப்பாவாக. முதலில் மலையாளத்தைப் பார்த்துத் தொலைத்ததால் எனக்குத் தமிழ் ஒட்டவில்லை.

என் தொழிலைத் தெரிந்துகொண்டு எடுத்த படம் என்றால் கோகொனாடா இயக்கிய 'ஆஃப்டர் யாங்' ஒன்றுதான். தொடக்கத்தில் அப்பா, அம்மா, மகள், அவளுக்கு அண்ணனாக வீட்டில் இருக்கும் ரோபோ யாங், நான்கு பேரும் ஒரு நடனப் போட்டிக்காக வீட்டிலேயே ஆடுகிறார்கள். ஆட்டம் முடிந்து எல்லாரும் நிற்கிறார்கள், யாங் மட்டும் ஆடிக்கொண்டே இருக்கிறான். சுவிட்சை அணைத்த பிறகும் கல் சுற்றிக்கொண்டிருந்தால் எனக்கு வயிற்றில் ஒரு பிசைவு வரும், அதுதான் அப்போதும் வந்தது. அதன்பின் முக்கால் படம் பழுது பார்க்கும் அலைச்சல். யாங்கைப் புதிதாக வாங்கவில்லை, ஏற்கெனவே ஒரு வீட்டில் இருந்தவனைச் சரிபார்த்து விற்றிருக்கிறார்கள். தேநீர்க்கடை வைத்திருக்கும் அப்பா, காலின் ஃபாரெல், அவனைத் தூக்கிக்கொண்டு ஒவ்வோர் இடமாக ஏறி இறங்குகிறார். வீட்டில் சிறுமி அண்ணனுக்காகக் காத்திருக்கிறாள். அந்த அப்பாவின் முகத்தை நான் வாரத்துக்கு இரண்டு முறையாவது கல்லாவுக்கு எதிரே பார்க்கிறேன். 'புதுசு வாங்கிவிடுங்கள், இதற்குச் செலவு செய்வது வீண்' என்று சொன்னால் அந்த முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

போன ஆடி மாதம் திருநகரிலிருந்து ஒரு பையனும் அவனுடைய அப்பத்தாவும் வந்தார்கள். பையன் கையில், துண்டில் சுற்றி, வீடு கூட்டுகிற வட்ட ரோபோ. வாங்கிய இடத்தில், பழையதைக் கொடுத்தால் வேறொன்று தருகிறோம் என்றார்களாம். அப்பத்தா ஒப்பவில்லை.

"தம்பி, எங்களுக்கு இவன்தான் வேண்டும். மூச்சு முட்டுகிறது அவனுக்கு, என்னவென்று பாருங்கள்" என்றார்.

கவிழ்த்துப் போட்டு அடிமூடியைக் கழற்றினேன். தூசிப்பெட்டியில் பாதி கோலப்பொடி. பிரஷ் உருளையின் இரண்டு முனையிலும் விரல் கனத்துக்கு ஏதோ கெட்டியாகச் சுற்றியிருந்தது. ஊசியால் நெம்பி எடுத்தால், தலைமுடியோடு மல்லிகைப்பூ கட்டிய நார். வாடிய பூவைக் கழற்றிப் போடுகிற இடமெல்லாம் இது போய்ப் போய்ப் பொறுக்கியிருக்கிறது. நார் காய்ந்து இறுகி, உருளையின் முனையை வளையமாக நெரித்துவிட்டது. மோட்டாருக்கு ஒன்றும் இல்லை. இந்த இயந்திரத்தை வடிவமைத்த புண்ணியவானுக்கு மதுரையில் பெண் கொடுத்திருக்க வேண்டும்.

நாரை எடுத்த பிறகும் அது இரண்டடி நகர்ந்து நின்றது. கடைசியில் பொத்தானை அழுத்திப் பிடித்து, பெட்டியிலிருந்து எடுத்த நாளுக்கே அதைத் திருப்ப வேண்டியதாயிற்று. அப்படிச் செய்தால் அது மனப்பாடம் செய்து வைத்திருந்த வீட்டு வரைபடமும் சேர்ந்து அழிந்துவிடும். செய்வதற்கு முன் கேட்டேன். பையனுக்குப் புரிந்தது, பேசாமல் நின்றான். ஃபிராங்க் தன் ரோபோவின் நினைவை அழிக்கிற இடம் ஞாபகம் வந்தது. அதுவே அவரிடம் சொல்லும், நான் மனிதன் இல்லை, அழித்துவிடு என்று. இது அப்படியெல்லாம் ஒன்றும் சொல்லவில்லை. பச்சை விளக்கு அணைந்து எரிந்தது, அவ்வளவுதான். இருநூறு ரூபாய் வாங்கினேன்.

நான்கு நாள் கழித்து அந்தப் பக்கம் ஒரு கிரைண்டருக்கு பெல்ட் மாற்றப் போனவன் எட்டிப் பார்த்தேன். கட்டில் காலில் முட்டி, திரும்பி, கதவில் முட்டி, ஒவ்வொரு மூலையாக வீட்டைப் புதிதாகத் தெரிந்துகொண்டிருந்தது. அப்பத்தா முழங்காலைப் பிடித்தபடி அதன் பின்னாலேயே போனார்.

"இது அடுப்படி. இது என் பேரன் படிக்கிற இடம். இந்தப் பக்கம் சாமி அறை, இங்கே வரக் கூடாது" என்று சொல்லிவிட்டு, ஒரு மணைப்பலகையை வாசலுக்குக் குறுக்கே நிறுத்தி வைத்தார்.