பெரிய எழுத்துக் கேள்வித்தாள்: ஒரு பருவம் வீணான விதம்

குறைபார்வை உள்ள மூன்றாம் வகுப்புக் குழந்தைக்குப் பாடமும் கேள்வித்தாளும் பெரிய எழுத்தில் தர வேண்டும். செராக்ஸ் எடுத்தால் முடிந்தது என்று இறங்கினோம். ஒரு பருவமே போய்விட்டது.

மருத்துவச் சான்றிதழில் பார்வைத் திறன் 6/60 (மற்றவர்கள் 60 மீட்டரில் பார்ப்பதை 6 மீட்டரில்தான் பார்க்க முடியும்) என்று இருந்தது. எழுத்து எந்த அளவில் இருக்க வேண்டும் என்பதை அந்த எண் சொல்லாது. ஒரே தரத்தில் நான்கு பத்திகளை 12, 18, 24, 30 பாயிண்டில் அச்சிட்டு வாசிக்கவிட்டு, நேரத்தையும் பிழைகளையும் குறித்துக்கொள்ளுங்கள். எதற்கு மேல் பெரிதாக்கியும் வேகம் கூடவில்லையோ, அதுதான் அளவு. (ஒரே பத்தியை நான்கு தடவை கொடுத்தால் மூன்றாவது தடவை மனப்பாடமாகவே வரும்.) இங்கே 24 வந்தது.

ஏ4 பக்கத்தை ஏ3 ஆக்கினால் 141 சதவீதம்தான். 12 பாயிண்ட் 17-ஐத் தாண்டாது. அதைவிட மோசம், நகல் மங்கியதில் புள்ளிகள் காணாமல் போனது. ‘பல்’ ‘பல’ ஆயிற்று. கொம்புச் சுழி அடைத்துக்கொண்டு ‘தேன்’ ‘தென்’ போலத் தெரிந்தது. தாளில் தெரிந்ததைத்தான் குழந்தை படித்தது; குறிப்பேட்டில் ஏறியதோ ‘எழுத்துக்கூட்டத் தெரியவில்லை’.

எனவே மறுபடி தட்டச்சு. கிடைத்த கோப்பு பாமினி என்ற பழைய, யூனிகோடு அல்லாத தமிழ் எழுத்துருவில் இருந்தது. எழுத்துருவை மாற்றியதும் எல்லாம் குப்பை. முதலில் யூனிகோடுக்கு (எந்த எழுத்துருவிலும் எழுத்து மாறாத பொதுக் குறியீட்டு முறை) மாற்றி, பிழை பார்த்துவிட்டுப் பெரிதாக்குங்கள். வரி இடைவெளி 1.5, பளபளப்பில்லாத தாள். லேமினேட் செய்யவே வேண்டாம். விளக்கொளி பட்டுக் கண் கூசும்.

பலகையிலிருந்து 4 மீட்டரில் இருந்த இருக்கையை 2 மீட்டருக்குக் கொண்டுவந்ததில் எழுத்து இரு மடங்காகத் தெரிந்தது. இது ஒன்றுக்குத்தான் யாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டியிருக்கவில்லை.

தேர்வன்று அடுத்த அடி. ஏ3-க்கு அமைத்துக் கொடுத்த கேள்வித்தாளை அலுவலகத்தில் ஏ4 தாளில், பக்கத்துக்குள் அடங்கும்படி சுருக்கி அச்சடித்துவிட்டார்கள். 24 பாயிண்ட் 17 ஆகிவிட்டது. கேட்டால், “மத்ததவிடப் பெரிசாத்தானே இருக்கு?” அதற்குப் பிறகு ஒவ்வொரு தாளின் அடியிலும் சரியாக 10 செ.மீ. கோடு ஒன்று போட்டுவிடுகிறோம். அச்சானதும் அளவுகோலை வைத்துப் பார்க்க வேண்டியதுதான்; 7 வந்தால் தாளைத் திருப்பிக் கொடுங்கள். கூடுதல் நேரத்தையும் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிடுங்கள். மணி அடித்த பிறகு வாய்ப்பேச்சு செல்லாது.

கடைசிச் சறுக்கல் எங்களுடையது. கணக்குத் தாளில் படங்களையும் சேர்த்து 141 சதவீதம் பெரிதாக்கியிருந்தோம். ‘கோட்டை அளந்து எழுதுக’ என்ற கேள்வியில் 5 செ.மீ. கோடு 7 ஆகியிருந்தது. குழந்தை ஒழுங்காக அளந்து 7 என்று எழுத, விடைக்குறிப்பில் 5 இருந்ததால் சிவப்பு மையில் தப்பு விழுந்தது. கேள்வித்தாளையும் அளவுகோலையும் எடுத்துப் போய் ஆசிரியர் மேசையில் வைத்து அளந்து காட்டினோம். அந்த 2 மதிப்பெண் திரும்பி வந்தது.